காலால் காண வேண்டிய கடல்

படகு கரையில் அணையவில்லை. அணைவதற்கு அங்கே கரையே கிடையாது. செங்குத்துப் பாறையின் அடியில் நாலு பேர் நெருக்கி நிற்கும் அளவுக்கு ஒரு சின்ன மேடை. அதன் விளிம்பில் படகின் மூக்கை முட்டக்கொடுத்து, இன்ஜினை அணைக்காமல் பிடித்துக்கொண்டு, இறங்கலாம் என்று தலையசைத்தார் படகோட்டி. ஐம்பது அறுபது பேர் இருந்த படகில் இருந்து இறங்கியவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் எங்களைப் படம் எடுத்துக்கொண்டார்கள். படகு பின்வாங்கி, திரும்பி, மலையின் வளைவில் மறைந்தது. இன்ஜின் சத்தம் அடங்கிய பிறகுதான் அதுவரை காதில் விழாத ஒன்று விழுந்தது: எதிர்ப்புறப் பாறையில் வெள்ளை இழைகளாக இறங்கிக்கொண்டிருந்த ‘ஏழு சகோதரிகள்’ அருவியின் இரைச்சல்.

நார்வேயின் மேற்குப் பகுதியில் உள்ள கெய்ராங்கர் ஃபியோர்டில், சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை அது. காலையில் படகு, அதன் பிறகு மலையேற்றம், மாலைக்குள் நடந்தே ஊர் திரும்புவது என்பது திட்டம். ஐரோப்பியச் சுற்றுலா போகும் நம்மவர்கள் பெரும்பாலும் பார்ப்பது முதல் பாதியை மட்டும்தான். ஒரு மணி நேரம் படகில் சுற்றி, அருவியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பேருந்து ஏறிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் திரும்பி வந்திருப்பேன். அன்று மேலே ஏறியதால், ஃபியோர்டு பற்றி எனக்கு இருந்த எண்ணமே மாறிப்போனது. அந்த நீரில் எந்தக் கப்பல் வரலாம், எது வரக் கூடாது என்று அந்த நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கும் வாதத்தில் ஒரு பக்கம் சாயவும் நேர்ந்தது.

ஃபியோர்டு பனியாறு வெட்டிய பள்ளம். லட்சக்கணக்கான ஆண்டுகள் பனி திரண்டு, உருகி, மறுபடி திரண்டு மலையை அரம்போல் ராவியிருக்கிறது. ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பனி பின்வாங்கியதும் அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துகொண்டது. அதனால்தான் கடலை ஒட்டிய வாயிலில் ஆழம் குறைவாகவும் உள்ளே போகப் போக அதிகமாகவும் இருக்கிறது. அங்குள்ளவற்றில் மிக நீளமான சோங்னெஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கும் மேல் நிலத்துக்குள் நீள்கிறது. அதன் ஆழம் 1,300 மீட்டர். கெய்ராங்கர் அதன் முன்னால் ஒரு குழந்தை. நீளம் 15 கிலோமீட்டர்தான். ஆனால் இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும் மலைகள், நீரைத் தொடும் இடத்தில்கூடச் சாய்வு காட்டாமல் நேராக இறங்குகின்றன. 2005-இல் நேரோய்ஃபியோர்டுடன் சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

என்னை அழைத்துப் போனது நண்பரின் மகள். நண்பர் யாழ்ப்பாணம் மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1987-இல், அன்றைக்குப் பல ஈழத்து இளைஞர்கள் போன அதே வழியில், ஒரு நாட்டார் உயர்பள்ளியில் இடம் வாங்கிக்கொண்டு நார்வே போனவர். பிறகு வடகோடியில், ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலையில் ஈரத் தரையில் நின்று பன்னிரண்டு ஆண்டுகள் மீன் வெட்டினார். இப்போது ஓலெசுண்ட் நகரில் இருக்கிறார். அங்கிருந்து கெய்ராங்கருக்குக் காரில் இரண்டரை மணி நேரம். நடுவில் காரோடு ஏறிக்கொள்ளும் ஃபெரி ஒன்று, கடைசியில் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் நண்பர் மலை ஏறுவதில்லை. மகளோ அங்கேயே பிறந்தவள், மருத்துவமனையில் செவிலியாக வேலை பார்க்கிறாள். விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள். ‘தூர்’ என்பது அவர்கள் மொழியில் மிகச் சாதாரணமான சொல். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு பக்கத்துக் காட்டில் ஒரு மணி நேரம் நடப்பதும் தூர்தான், பத்து நாள் மலைப் பயணமும் தூர்தான்.

உண்மையில் முந்தைய நாளே நாங்கள் ஏறியிருக்க வேண்டும். படகுத்துறைவரை போனோம். அவள் கைபேசியில் ‘ஈர்’ செயலியைத் திறந்து பார்த்தாள். நார்வே வானிலை ஆய்வு நிறுவனமும் அரசு ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து 2007-இல் தொடங்கியது அது. அந்த மொழியில் ‘ஈர்’ என்றால் தூறல். அன்று காட்டியதோ தூறலுக்கும் மேல். மதியம் ஒரு மணிக்கு மேல் பலத்த மழை.

“இண்டைக்கு வேண்டாம் மாமா. நாளைக்குப் போவம்.”

வானம் அப்போது நீலமாக இருந்தது. அவ்வளவு தூரம் போய்விட்டு, கண்ணெதிரே நிற்கும் மலையை விட்டுத் திரும்புவதா என்று எனக்கு ஆத்திரம். கொஞ்சம் நனைந்தால் என்ன என்று கேட்டேன். “நனையிறது பிரச்சினையில்லை. கல்லு நனைஞ்சால் கால் நிக்காது. திரும்பிறதிலை ஒரு வெக்கமும் இல்லை மாமா” என்றாள். பிறகுதான் தெரிந்தது, கடைசி வாக்கியம் அவள் சொந்தமாகச் சொன்னது அல்ல. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலையில் பதினெட்டுப் பேர் இறந்த பிறகு, மலையில் நடந்துகொள்ள வேண்டிய முறை என்று ஒன்பது விதிகளை நாடு முழுவதும் கொண்டு சென்றார்கள். பயணத்தைத் திட்டமிடு, எங்கே போகிறாய் என்று யாரிடமாவது சொல், வானிலையைப் பார், நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று போகின்றன அவை. அங்கே பள்ளிக் குழந்தைக்கும் அவை தெரியும். மலைக்குப் போகிறவர்கள் பையில் போட்டுக்கொள்ளும் ஒரு சாக்லேட்டின் உறைக்கு உட்புறத்தில்கூட அச்சிட்டிருக்கிறார்கள். அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, கூடாரத்தின் மேல் விழுந்த மழையைக் கேட்டுக்கொண்டு நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஏறினோம். மேடையில் இருந்து 250 மீட்டர் உயரத்தில் ஸ்காகெஃப்ளோ என்ற பழைய பண்ணை இருக்கிறது. அதுவரை பாதை என்பது பாறையில் கால் வைக்க இடம் பார்த்துக்கொண்டு போவதுதான். சில இடங்களில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருக்கிறார்கள். வேர்கள் படிகளாக உதவுகின்றன. முதல் பத்து நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. அவள் எனக்கு முன்னால் போகவில்லை, பின்னால் வந்தாள். நான் வழுக்கினால் தடுக்கவாம். “மேலை பாக்காதேங்கோ மாமா, வைக்கிற காலை மட்டும் பாருங்கோ.” ஒரு வளைவில், முந்தைய நாள் மழையில் ஊறிய பாசி மேல் வலது கால் சறுக்கியது. அரை அடிதான். கை தானாகக் கயிற்றைப் பிடித்துவிட்டது. ஆனால் காலுக்கும் கீழே தெரிந்த பச்சை நீருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை என்பதை உடம்பு அந்த நொடியில் புரிந்துகொண்டது. நேற்றே ஏறியிருந்தால் இந்தக் கல் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு திடீரென்று பாதை சமமானது. புல்வெளி. அதன் நடுவில் வீடு.

வெயிலில் கறுத்துப்போன மரச்சுவர் வீடும், கல்லடுக்கிக் கட்டிய தொழுவமும், பின்னால் நிமிர்ந்த மலையும், முன்னால் இருபதடி போனால் முடிந்துவிடும் நிலமுமாக இருந்தது அந்த இடம். இங்கே ஒரு குடும்பம் வாழ்ந்திருக்கிறது. ஒரு குடும்பம் மட்டுமா, பல தலைமுறைகள். இந்தப் பகுதியின் வளமான பண்ணைகளில் இதுவும் ஒன்றாம். நூற்றுக்கும் மேற்பட்ட ஆடுகள் இருந்தனவாம். தெற்கு நோக்கிய சரிவுகளும் பாறை இடுக்குகளும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்வதால் இந்த ஃபியோர்டுப் பண்ணைகளில் நல்ல புல் விளைந்தது. ஆனால் உப்பு முதல் ஏர் வரை ஒவ்வொன்றையும் கீழே படகில் இருந்து முதுகில் சுமந்து ஏற வேண்டும். ஆடி ஓடும் வயதுக் குழந்தைகளை விளிம்பில் விழாமல் இருக்கக் கயிற்றில் கட்டி வைப்பார்கள் என்று சொல்கிறார்கள். வரி வசூலிக்க அதிகாரி வரும்போது மேலே இருந்து ஏணியை இழுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு கதை உண்டு. கதை நடந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான் ஏறி வந்த பாதையைப் பார்த்தால், ஏணியை இழுத்துக்கொண்டால் எந்த அதிகாரியாலும் வந்திருக்க முடியாது.

எதிர்க்கரையில், ஏழு சகோதரிகள் அருவிக்குப் பக்கத்தில், க்னிவ்ஸ்ஃப்ளோ என்று இன்னொரு பண்ணை. மேலே தொங்கும் பாறை எப்போது வேண்டுமானாலும் விழலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் காலி செய்துவிட்டார்கள். ஸ்காகெஃப்ளோ முதல் உலகப் போர்க் காலம்வரை தாக்குப்பிடித்தது. பிறகு இங்கிருந்தவர்களும் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். 1993-இல் நார்வே மன்னர் ஹரால்டும் அரசி சோன்யாவும் தங்கள் வெள்ளிவிழாத் திருமண நாளைக் கொண்டாட ஐரோப்பிய அரச குடும்பத்தவரை அழைத்து வந்தது இந்தப் புல்வெளிக்குத்தான்.

வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். நூறு ஆண்டுகளாக ஆள் இல்லாத வீடு. ஆனால் கூரை சரிந்திருக்கவில்லை, கதவு நிலையோடு சரியாகப் பொருந்தியிருந்தது. 1975-இல் தொடங்கிய ‘ஸ்டூர்ஃபியோர்டின் நண்பர்கள்’ என்ற அமைப்பு இப்படிக் கைவிடப்பட்ட பண்ணை வீடுகளைப் பழுது பார்த்துக் காத்து வருகிறது. பலகையையும் ஆணியையும் நாங்கள் ஏறிய வழியில்தான், அல்லது ஹெலிகாப்டரில், கொண்டுவர வேண்டும். இத்தனை பாடுபட்டு யாரும் குடியிருக்கப் போகாத ஒரு வீட்டின் கூரையை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றலாம். படகில் இருந்து பார்த்தபோது அந்த வீடு எனக்கு ஒரு புள்ளி. காட்சிக்கு அழகு சேர்க்கும் பழுப்புப் புள்ளி. பக்கத்தில் நின்றபோதுதான், இந்த மலையைப் பார்ப்பதற்கென்று வராமல், இதிலிருந்து சோறு எடுப்பதற்காக ஏறியவர்களின் ஊர் இது என்று உறைத்தது. யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது மலையையும் நீரையும்தான். ஆனால் அந்த மலையில் மனிதர் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி இந்தக் கூரைகள். அவை விழுந்துவிட்டால் நூறு ஆண்டுகள் கழித்து வருபவர் இதை ஆளில்லாக் காடு என்றே நினைப்பார்.

தொழுவச் சுவர் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரொட்டிக்கு நடுவில் மெல்லிய சீவலாகப் பழுப்புச் சீஸ் வைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். பால் திரித்த பிறகு மிஞ்சும் தெளிநீரைப் பாலாடையும் ஆட்டுப்பாலும் சேர்த்து, சர்க்கரைச் சத்து பழுப்பாகும்வரை காய்ச்சுவார்களாம். வாயில் போட்டதும் அடிப்பிடித்த திரட்டுப்பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டதுபோல் இருந்தது. ஆடு மேய்ந்த அதே இடத்தில் ஆட்டுப்பால் சீஸ். பின்னால் வந்த ஜெர்மானியத் தம்பதி எங்களைப் பார்த்துக் கையசைத்து வணக்கம் சொன்னார்கள். ஓலெசுண்ட் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரைத் திரும்பியும் பார்க்காத நார்வேக்காரர்கள்கூட மலையில் எதிர்ப்படும் எல்லாரிடமும் வணக்கம் சொல்வார்கள் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் கப்பல் வந்தது.

முதலில் ஒலிபெருக்கி. பிறகு வளைவில் வெள்ளையாக ஒரு மூக்கு, அதைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும் உடம்பு. பத்துப் பன்னிரண்டு மாடி. எங்கள் படகு சென்ற நீர்ப்பாதையில் அது நுழைந்தபோது ஃபியோர்டு சட்டென்று சின்னதாகிப்போனது. மேல்தளத்தில் நீச்சல் குளம் தெரிந்தது. ஆட்கள் தெரிந்தார்கள், எறும்புகள்போல. அருவி பற்றி ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் அது சொன்ன விவரம் 250 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் கேட்டது. கப்பல் கடந்து போய் நெடுநேரம் கழித்தும் அதன் புகை போகவில்லை. காற்று இல்லாத நாட்களில் இரு மலைகளுக்கும் நடுவில் அது மூடிபோட்டதுபோல் தேங்கிவிடும். அன்று காற்று இல்லை. நீலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், எங்கள் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அப்படியே நின்றது.

கப்பலில் வருபவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. மலை ஏற முடியாத முதியவர்களும், மாற்றுத்திறனாளிகளும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் ஃபியோர்டைப் பார்க்க அது ஒரு வழி. என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரை அப்படித்தான் அழைத்து வந்திருப்பேன். குறை, அந்தக் கப்பல்களுக்குக் கொடுத்திருக்கும் காலக்கெடு மேல்தான்.

உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் சுற்றுலாக் கப்பல்களும் ஃபெரிகளும் புகை வெளியிடாமல் ஓட வேண்டும். தொழில்நுட்பம் அனுமதிக்கும் முதல் வாய்ப்பிலேயே, எப்படியும் 2026-க்குள் இது நடக்க வேண்டும் என்று 2018-இல் நார்வே நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. கடல் போக்குவரத்தில் இவ்வளவு துணிச்சலான தீர்மானத்தை எடுத்த நாடுகள் குறைவு. துணிச்சலுக்குக் காரணமும் இருந்தது. உலகின் முதல் பேட்டரி கார் ஃபெரி 2015-இல் இதே நாட்டில், சோங்னெஃபியோர்டில்தான் ஓடத் தொடங்கியது. ஆம்பியர் என்று அதற்குப் பெயர். இன்று அந்த நாட்டின் கரையோரம் நெடுகப் பல பத்து மின்சார ஃபெரிகள் ஓடுகின்றன. நேரோய்ஃபியோர்டில் 2018 முதல் முழுக்க மின்சாரத்தில் ஓடும் சுற்றுலாப் படகு இருக்கிறது. அதில் போனால் அருவியின் சத்தம் படகுக்குள்ளேயே கேட்கும்.

கெடு நெருங்கியதும் என்ன நடந்தது? 2026 ஜனவரி 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது, 10,000 டன் கொள்ளளவுக்குக் குறைந்த கப்பல்களுக்கு மட்டும். அதற்கு மேற்பட்ட பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். எங்களை இறக்கிவிட்டுப் போன அந்தச் சின்னப் படகு இப்போது மாறியாக வேண்டும். நான் மேலே இருந்து பார்த்த பன்னிரண்டு மாடி இன்னும் ஆறு கோடைகாலம் புகை விட்டுக்கொண்டு வரலாம்.

இதற்குச் சொல்லும் நியாயங்களை நான் ஒதுக்கிவிடவில்லை. கெய்ராங்கர் கிராமத்தில் ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் 250 பேர் அளவில்தான். கோடையில் வரும் பல லட்சம் பேரை நம்பித்தான் கடை, விடுதி, பேருந்து எல்லாம். பெரிய கப்பலைத் திடீரென்று நிறுத்தினால் அது வேறு துறைமுகத்தில் நின்று, பயணிகளை நூறு பேருந்துகளில் ஏற்றி இதே கிராமத்துக்கு அனுப்பும். புகை கடலில் இருந்து சாலைக்கு மாறும் என்கிறார்கள். ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் கப்பலைப் பேட்டரியில் ஓட்டுவது கார் ஃபெரியை ஓட்டுவதுபோல எளிது அல்ல என்பதும் உண்மை. ஆனால் 2018-க்கும் 2026-க்கும் நடுவில் எட்டு ஆண்டுகள் இருந்தன. சிறியவர்களில் சிலர் அந்த எட்டு ஆண்டுகளில் படகை மாற்றினார்கள். பெரியவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. 2032 வரும்போதும் இதே நியாயங்கள் இருக்கும். அதற்குள் கப்பல் இன்னும் பெரிதாகியிருக்கும். குறைந்தபட்சம், ஒரு நாளைக்கு எத்தனை பெரிய கப்பல் என்ற எண்ணிக்கையையாவது ஆண்டுக்கு ஆண்டு இறக்கிக்கொண்டே வர வேண்டும்.

இதை வெளியூர்க்காரன் நான் ஏன் சொல்ல வேண்டும்? அந்த மலையில் எனக்கும் உரிமை தந்திருக்கிறார்கள் என்பதுதான் பதில். ‘அல்லெமன்ஸ்ரெட்டன்’, அதாவது எல்லாருக்குமான உரிமை, என்று ஒரு பழைய வழக்கம் நார்வேயில் உண்டு. 1957-இல் அதைச் சட்டமாக்கினார்கள். பயிர் செய்யாத நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் அதில் யாரும் நடக்கலாம். குடியிருக்கும் வீட்டில் இருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போட்டு இரவு தங்கலாம். காட்டுப் பழங்களைப் பறிக்கலாம். நுழைவுச் சீட்டு, காவலாளி, வேலி எதுவும் கிடையாது. குடிமகனா, அகதியா, சுற்றுலா வந்தவனா என்று சட்டம் கேட்பதில்லை. பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான்: கவனமாக நட, பாழாக்காதே. ஃபின்மார்க்கில் மொழி தெரியாமல், குளிரில், ஒரு அறையில் ஆறு பேராகத் தங்கியிருந்த முதல் ஆண்டில், அந்த ஊரில் யாரையும் கேட்காமல் தனக்குச் சொந்தமாகக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமை நடைதான் என்று நண்பர் ஒருமுறை சொன்னார்.

அந்த உரிமை தானாக ஓடுவதும் இல்லை. பாதையை யாராவது காக்க வேண்டும். 1868-இல் தொடங்கிய நார்வே மலைப்பயணச் சங்கத்தின் தொண்டர்கள் கோடைதோறும் பாறைகளில் வழிகாட்டும் சிவப்பு ‘டி’ எழுத்துக்குப் புதுப்பூச்சு பூசுகிறார்கள். அந்தச் சங்கத்தின் ஆளில்லா மலைக்குடில்களில் தங்கி, அலமாரியில் உள்ள அரிசியையும் டின் மீனையும் எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, எடுத்ததை நாமே எழுதிப் பணம் கட்டிவிட்டு வரலாம். கூட்டம் அதிகமான பாதைகளில் மண் அரித்துப்போனபோது நேபாளத்தில் இருந்து ஷெர்ப்பாக்களை வரவழைத்தார்கள். லூசெஃபியோர்டில் நீருக்கு மேல் 604 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிரேக்கெஸ்டூலன் பாறைக்குப் போகும் வழியில் அவர்கள் சிமென்ட் இல்லாமல் கல்லோடு கல் கடித்து நிற்கும்படி அடுக்கிய படிகளில் நான் அதற்கு முந்தைய வாரம் நடந்திருந்தேன். இமயத்தில் தலைமுறை தலைமுறையாகக் கற்ற கைவேலை அது. ஒரு படிகூட ஆடவில்லை.

ஸ்காகெஃப்ளோவில் இருந்து கீழே இறங்கிப் படகுக்குக் காத்திருக்கலாம். நாங்கள் மேலே போனோம். பிர்ச் மரங்களுக்கு நடுவே ஏறி, 500 மீட்டரையும் தாண்டிய பிறகு பழைய மேய்ச்சல் குடில்கள் வருகின்றன. அங்கிருந்து ஹோம்லாங் என்ற இடத்துக்கு இறக்கம். நடுவில் மேகம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நடக்கலாமா என்று நான் கேட்கவில்லை. முந்தைய நாள் பாடம். அவளே ஒரு பாறையின் கீழ் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம். காற்று திரும்பியதும் மேகம் கிழிந்து, ஃபியோர்டு எங்கள் காலடியில் மறுபடி திறந்தது.

அந்த அரை மணி நேரத்தில் அவள் ஓகெர்நேசெட் பற்றிச் சொன்னாள். கெய்ராங்கர் வந்து சேரும் பெரிய ஃபியோர்டின் மேல் இருக்கும் மலை அது. அதில் ஒரு பிளவு இருக்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் விரிந்துகொண்டே போகிறது. ஒருநாள் கோடிக்கணக்கான கனமீட்டர் பாறை நீரில் சரியும். அப்போது எழும் அலை சில நிமிடங்களில் கெய்ராங்கர் கிராமத்தை மூடிவிடும். ராடார், துளைக்கிணறு, செயற்கைக்கோள் என்று இரவும் பகலும் அந்த மலையைக் கண்காணிக்கிறார்கள். எச்சரிக்கை சைரன் இருக்கிறது, ஓடிப்போக வேண்டிய இடங்களைக் குறித்திருக்கிறார்கள். இது வெறும் கணிப்பு அல்ல. 1934 ஏப்ரலில் பக்கத்துத் தாஃபியோர்டில் மலை சரிந்து 60 மீட்டருக்கு மேல் எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள். சுனாமியைப் பார்த்த கரைகளில் வேர் உள்ளவர்கள் நாங்கள் இருவரும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். இவ்வளவு அழகுக்கும் இவ்வளவு ஆபத்துக்கும் காரணம் ஒன்றுதான். பனியாறு மலையைச் செங்குத்தாக வெட்டிவிட்டுத் தாங்கிப் பிடிக்காமல் போய்விட்டது.

நம்மில் போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாதையில் நடக்கலாம். ஏழு சகோதரிகள் ஏழாகத் தெரிய வேண்டுமானால் பனி உருகும் ஜூனில் போக வேண்டும். கோடைக் கடைசியில் ஓரிருவர்தான் மிஞ்சுவார்கள். ஜூனில் இரவு பதினொரு மணிவரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே வேண்டாம். செருப்பிலும் மெலிந்த சப்பாத்திலும் ஏறாதீர்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி, மழைச் சட்டை, உல்லன் உள்ளாடை மூன்றும் கட்டாயம். மலையில் சிக்கினால் ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போகும், அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் மழையில் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத செஞ்சிலுவைத் தொண்டர்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை என்பதே கூடுதல் கவனத்துக்குக் காரணமாக இருக்க வேண்டும்.

ஹோம்லாங்கில் சாலையை வந்து தொட்டபோது மாலை ஐந்து மணி. நண்பர் காரைச் சாலையோரம் நிறுத்திவிட்டுத் தெர்மாஸ் குடுவையில் தேநீரோடு காத்திருந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக அந்த நாட்டில் இருக்கிறார். கெய்ராங்கருக்கு வரும் விருந்தாளி ஒவ்வொருவரையும் படகில் ஏற்றிக் காட்டியிருக்கிறார். அந்த வீட்டைக் கீழே இருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

“என்ன அண்ணை, வீட்டடிக்குப் போனனீங்களோ?”

“போனோம்.”

“கூரை இருக்கோ?”

இருக்கிறது என்றேன். கதவும் இருக்கிறது, சுவரில் தார் பூசியிருக்கிறார்கள், புல்லை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மகள் கைபேசியில் படங்களைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கதவின் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். 1990-இல் மயிலிட்டியில் இருந்து அவர் குடும்பமும் ஊராரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டியிருந்தது. இருபத்தேழு ஆண்டுகள் கழித்து நிலத்தைத் திருப்பித் தந்தபோது அவர் போய்ப் பார்த்தார். சுவர் மட்டும் நின்றதாம். நடு வீட்டில் வேப்பமரம்.

“ஆர் அண்ணை இதைப் பாக்கினம்?” என்று கேட்டார்.

சொன்னேன். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம், சேர யாரும் சேரலாம் என்று. அவர் தேநீர்க் கோப்பையைக் காரின் மேல் வைத்துவிட்டு, மகளிடம் அந்தச் சங்கத்தின் பெயரை எழுதித் தரச் சொன்னார்.